அப்பாவின் இடது கன்னம், இரண்டு கேமராக்களில்

அண்ணன் அப்பாவின் அறைக்குள் நுழையும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நுழைவான். கேமராவைக் கையில் எடுத்துவிட்டால் போதும், கைக்குட்டை பாக்கெட்டுக்குள் போய்விடும். பெற்ற அப்பனை வெறும் கண்ணால் அவனால் பார்க்க முடியாது. நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தால் ஒரு மணி நேரம் வேண்டுமானாலும் பார்ப்பான். அப்படி ஒரு பிறவி.

தங்கைக்கு அவனைப் பற்றித் தெரியாமல் இல்லை. வீட்டின் முன்னறையை ஸ்டுடியோவாக்கி, அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுத்துப் பிழைப்பவள் அவள். ஒரு நாளைக்கு இருபது முகமாவது அவள் ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து போகும். கேமரா பதினோரு வருடப் பழசு. கிராப் சென்சார். பட்டனில் எழுத்தெல்லாம் அழிந்துபோய், விரல்தான் எதை எங்கே அழுத்துவது என்று ஞாபகம் வைத்திருந்தது. அவள் எடுத்த படத்தைப் பார்த்து எந்த அலுவலகமும் இது சின்ன சென்சாரில் எடுத்தது என்று திருப்பி அனுப்பியதில்லை.

சென்சார் என்பது கேமராவுக்குள்ளே வெளிச்சம் வந்து விழுகிற தகடு. அந்தக் காலத்துப் பிலிம் அளவுக்குப் பெரிதாக இருந்தால் ஃபுல் ஃப்ரேம். அதைவிடச் சின்னதாக இருந்தால் கிராப். சமாச்சாரம் இவ்வளவுதான். இந்த இவ்வளவை வைத்துக்கொண்டு அண்ணன் மூன்று வருடமாக இணையத்தில் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தான். பிழைப்புக்கு ஏதோ கம்பெனியில் மேனேஜர் வேலை, பெருமைக்கு இந்தச் சேனல். அவன் வீடியோக்களைப் பார்க்கிறவர்கள் அவனை ‘சென்சார் அண்ணா’ என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் அவனுக்குக் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஷேவ் செய்யாமல் வாசல் தாண்ட மாட்டார். கிரீஸ் படிந்த வேலைக்குப் போகிறவருக்கு எதற்கு இந்த மினுக்கல் என்று அம்மா இருந்த காலத்தில் கேலி செய்வாள். எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அவருடைய இடது பக்கத்தை இழுத்துவிட்டது. கன்னம் தொங்கிப்போனது. வாயோரத்தில் எச்சில் வழிந்துகொண்டே இருந்ததில் தோல் வெந்து புண்ணாகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அறையில் இருந்த கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு குழறிக் குழறிச் சொன்னார்.

“இந்த மூஞ்சிய... வெளியாளு யாரும் பாக்க வேணாம்மா.”

அன்றிலிருந்து ஸ்டுடியோவுக்கும் அப்பாவின் அறைக்கும் நடுவே இருந்த கதவு மூடியே கிடந்தது. வாடிக்கையாளர்கள் வந்தால் அவள் திரையையும் சேர்த்து இழுத்துவிடுவாள். அப்பா அவளிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதையாவது காப்பாற்ற வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

ஆறு பஸ் ஸ்டாப் தள்ளியிருந்த அண்ணன் அந்த எட்டு மாதத்தில் வந்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனான். புதிதாக ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கிய பிறகு மட்டும் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

“அப்பாவ நாலு படம் எடுத்துக்கறேன் பாப்பா. நமக்குன்னு இருக்கட்டும்.”

நமக்குன்னு என்றுதான் சொன்னான். அவளுக்கு அது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது, பிற்பாடு.

அப்பா முதலில் மாட்டேன் என்று தலையாட்டினார். பிறகு மகன் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்காரப் போகிறான் என்பது தெரிந்ததும் ஷேவ் செய்துவிடச் சொன்னார். அவள் புண்ணை ஒதுக்கி, தோலை இழுத்துப் பிடித்து மழித்துவிட்டாள். அண்ணன் அவளுடைய பழைய கேமராவையும் அதன் லென்ஸையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

“ஒரே லென்ஸ், ரெண்டு கேமரா பாடி. அப்பத்தான் ஒப்பீடு நியாயமா இருக்கும்.”

கேமராக்காரனுக்கு ஏதாவது ஒன்றை ஒப்பிட்டுக்கொண்டே இருக்காவிட்டால் சாப்பாடு இறங்காது, போகட்டும் என்று அவளும் கொடுத்தாள். ஜன்னலோரம் அப்பாவை உட்காரவைத்து, ஸ்டூலை ஓர் இடத்தில் போட்டு, அங்கிருந்து நகராமல் முதலில் அந்தக் கேமராவிலும் பிறகு இந்தக் கேமராவிலும் எடுத்தான். மூன்று வாரமும் அதேதான். போகும்போது படங்களை அவள் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி போட்டுவிட்டும் போனான். அவளும் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டாள். புத்தி கெட்டவள்.

விஷயத்தைக் கொண்டுவந்தது பக்கத்து வாசலில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. புதன்கிழமை காலையில் போனும் கையுமாக வந்து நின்றாள்.

“ஏம்மா, என் பையன் அனுப்புனான். இது உங்கப்பா தானே? எனக்கு அடையாளமே தெரியல.”

போன் திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. இரண்டு பக்கமும் அப்பா. இடது பக்கத்து அப்பாவின் தலைக்கு மேல் ‘ஃபுல் ஃப்ரேம்’ என்றும் வலது பக்கத்து அப்பாவின் தலைக்கு மேல் ‘கிராப்’ என்றும் மஞ்சள் எழுத்து. அண்ணனுடைய குரல் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தது.

“நண்பர்களே, ரா ஃபைல் இல்லாம ஒப்பீடு பண்றவன் பேச்ச நம்பாதீங்க. அது குப்பை. இது ரெண்டும் ரா. கேமரா பாத்தத ஒண்ணும் குறைக்காம அப்படியே வெச்சிருக்கேன். இப்ப நூறு சதவீதம் பெருசாக்கிப் பாப்போம்.”

பெரிதாக்கினான். அப்பாவின் இடது கன்னம் திரை முழுக்க நிறைந்தது. மழித்த இடத்தில் நின்ற ஒற்றை முடி, வெந்த தோல், அதன்மேல் அவள் தடவிய களிம்பு. ஒரு மஞ்சள் அம்பு ஊர்ந்து போய் வாயோரத்தில் நின்றது.

“இந்த எச்சில்ல வெளிச்சம் எப்படி வழுக்கிட்டு இறங்குது பாருங்க! ஃபுல் ஃப்ரேம்ல மட்டும்தான் இது வரும். கிராப்ல பாருங்க, வெறும் வெள்ளைப் புள்ளி. உயிரே இல்ல. இடது பக்கம் லேசா ஒரு மென்மை தெரியுதில்ல? அது குறை இல்ல நண்பர்களே, அதான் ஃபுல் ஃப்ரேமோட அழகு.”

அவள் தினமும் நாலு தடவை அந்த எச்சிலைத் துடைக்கிறவள். மலமும் மூத்திரமும் அள்ளிக் கொட்டியபோது ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு வீடியோவுக்குக் கீழே இருந்ததைப் படித்தாள். பார்த்தவர்கள் எழுதியிருந்தார்கள். தோல் செம்மயா வந்திருக்கு அண்ணா. கிராப் கேமராவத் தூக்கிக் குப்பையில போடணும் அண்ணா. ஒருத்தன் கேட்டிருந்தான்: ‘இந்த மாதிரி மாடல எங்க புடிச்சீங்க சென்சார் அண்ணா?’

அதற்கு அண்ணன் பதில் போட்டிருந்தான், பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மையோடு: ‘தேடிப் புடிச்சேன் தம்பி.’

தையல்கார அக்கா போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, “விடும்மா, விடு” என்று சொல்லிவிட்டுப் போனாள். தங்கை கதவைச் சாத்திவிட்டு அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

“அண்ணா, அந்த வீடியோவ எடுத்துடு.”

“எதுக்கு? முப்பதாயிரம் பேர் பாத்திருக்காங்க பாப்பா. என் சேனல்லயே இதுதான் அதிகம்.”

“அப்பா மூஞ்சி அது.”

“அப்பான்னு யாருக்குத் தெரியும்? நான் சொல்லவே இல்லியே. நல்ல கேரக்டர் இருக்கிற முகம். இளவயசுக்காரன வெச்செல்லாம் எடுத்தா வித்தியாசம் தெரியாது, தோலு வழவழன்னு இருக்கும். இந்த மாதிரி சுருக்கம், புண்ணு, ஈரம் எல்லாம் ஒரே இடத்துல கிடைக்காது.”

“கிடைக்காதா? காய்கறி வாங்கப் போன மாதிரி பேசறியே. யாருக்கும் காட்டாதன்னு என் கையப் புடிச்சுச் சொன்னாரு அண்ணா.”

“நீ உணர்ச்சிவசப்படற. கலையா பாரு.”

போனை வைத்துவிட்டான். அன்றைக்குப் பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு பஸ் டிரைவரை, ஃபிளாஷ் போட மறந்து இரண்டு தடவை எடுத்தாள். அவருக்கே பாவமாக இருந்தது போல. “தலைவலியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைத் திறந்தாள். அண்ணன் விட்டுப்போன பிரதி. எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்றுதான் உட்கார்ந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கை நின்றது. இருபது முகத்தை ஒரே கட்டத்துக்குள் அடக்கிப் பழகியவளின் கண் அது. இரண்டு படத்திலும் அப்பாவின் தலை ஒரே அளவில் இருந்தது. காதுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே அதே இடைவெளி. தோளுக்குக் கீழே சட்டையின் அதே இரண்டாவது பட்டன்.

அது எப்படி? ஒரே லென்ஸ், ஒரே ஸ்டூல். ஒரே இடத்தில் நின்று சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் கொஞ்சம் தெரியும், பெரிய ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரு நிறையத் தெரியும். பெரிய சென்சாரில் அப்பாவைச் சுற்றி இன்னும் நிறைய அறை தெரிந்திருக்க வேண்டும். கட்டில் தெரிந்திருக்க வேண்டும். மருந்து மேசை தெரிந்திருக்க வேண்டும். ஒன்றையும் காணோம்.

படத்தின் அளவைப் பார்த்தாள். அவளுடைய கேமராவில் எடுத்தது ஆறாயிரம் புள்ளி அகலம். அண்ணனின் ஃபுல் ஃப்ரேமில் எடுத்தது நாலாயிரம்கூட இல்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய லென்ஸ் சின்ன சென்சாருக்காகவே செய்த லென்ஸ். பெரிய தகட்டை மூடுகிற அளவுக்கு அதில் வெளிச்சம் வராது. அதை மாட்டியதும் அண்ணனின் கேமரா தானாகவே ஓரங்களை அடைத்துவிட்டு, நடுவில் இருக்கும் சின்னத் துண்டில் மட்டும் படத்தை எழுதியிருக்கிறது. ஆக இரண்டு படமும் கிராப். அதிலும் அவன் தூக்கிவைத்துக் கொண்டாடிய படம்தான் மட்டம். மூன்று வருடமாக ஊருக்கெல்லாம் சென்சார் பாடம் நடத்துகிறவனுக்கு அது தெரியவில்லை. பார்த்த முப்பதாயிரம் பேருக்கும் தெரியவில்லை. எச்சிலில் வெளிச்சம் வழுக்குகிறதாம்.

திரும்பவும் கூப்பிட்டாள். சொன்னாள்.

“அகலம் எவ்ளோன்னு நீயே பாத்துக்கோ அண்ணா.”

பத்து நிமிஷத்தில் வீடியோ காணாமல் போயிருந்தது. அப்பாவுக்காக எடுக்க மாட்டேன் என்றவன், நாலாயிரம் புள்ளிக்காக எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு அவனே போன் செய்தான். குரல் இறங்கிப் போயிருந்தது.

“பாப்பா, யார்கிட்டயும் சொல்லிடாத. மானமே போயிடும்.”

மானம். அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததும் அவளுக்குப் போனைத் தூரமாகப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, அதிலிருந்து ஏதோ வழிவதைப் போல. அவன் பேசிக்கொண்டே போனான்.

“ஞாயித்துக்கிழமை வரேன். சரியான லென்ஸோட வந்து திரும்ப எடுத்துடலாம். அப்பாவுக்கு அதே சட்டையப் போட்டு வை. அப்புறம் பாப்பா, வாயோரத்த மட்டும் தொடைக்காத. அந்த ஈரம் வேணும்.”

“நீ மனுசன்தானா?” என்றாள். “கேமராவ வெளிய வெச்சுட்டு வரதா இருந்தா வா. இல்லன்னா வாசப்படி மிதிக்காத.”

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தான். தோளில் பை. அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். அவன் முறைத்துப் பார்த்துவிட்டு, பையை ஸ்டுடியோ மேசைமேல் குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தினான். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.

அப்பா காலையிலேயே ஷேவ் செய்யச் சொல்லித் தயாராக இருந்தார். அதே சட்டை. அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

“எப்படி இருக்கீங்கப்பா?”

“ம்.”

“சாப்டீங்களா?”

“ம்.”

அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. அண்ணன் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். கூரையில் மின்விசிறியின் இறக்கைகள் எத்தனை என்று எண்ணியிருப்பான். அப்பாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொண்டான். ஐம்பது வயதை நெருங்குகிற ஆள். வந்து நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. நல்லவேளை என்று துள்ளி எழுந்து முன்னறைக்குப் போனான்.

அப்பா மகளைப் பார்த்தார்.

“கேமரா... கொண்டாரலியா?”

“கொண்டாந்தான். நான்தான் வெளிய வெக்கச் சொன்னேன்.”

“ஏம்மா?”

அவள் தலையணையைச் சரி செய்வதைப் போலக் குனிந்துகொண்டாள். அப்பாவே சொன்னார், ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித் தள்ளி.

“தையக்காரம்மா... சத்தமா வெச்சாளே. எனக்குக் காது... நல்லாத்தான் இருக்கு.”

“கேட்டீங்களா? எல்லாத்தையுமா?”

“எச்சி வரைக்கும்.”

அவள் நிமிர்ந்தாள். காதெல்லாம் சூடாகிவிட்டது. “அப்புறமும் எதுக்குப்பா அவன் கேமரா?”

அப்பா வலது கையால் தன் தாடையைத் தொட்டுக் காட்டினார்.

“அது கையில இருந்தா... ஒரு மணி நேரம் உக்கார்றான். இங்க ரெண்டு விரல வெச்சு... திருப்பறான். அது இல்லன்னா... பாத்தியே.”

பார்த்தாள்தான். அவளுக்கு அந்தச் சமயத்தில் அண்ணன்மேல் இருந்த அருவருப்பு அப்பாவின்மேலும் கொஞ்சம் தெறித்தது. எட்டு மாதமாகத் திரையை இழுத்து இழுத்து யாருடைய முகத்தைக் காத்தாளோ, அவரே இரண்டு விரலுக்காக அதைக் கொடுத்துவிடத் தயாராக இருந்தார். தினமும் அந்தத் தாடையைப் பிடித்து மழிக்கிற அவளுடைய விரல்கள் கணக்கிலேயே வரவில்லை. சே என்று இருந்தது. ஆனாலும் அவர் கண்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

முன்னறைக்குப் போனாள். அண்ணன் போன் பேசி முடித்துப் பையைத் தோளில் மாட்டிக் கிளம்பத் தயாராக நின்றான்.

“உள்ள வா. அப்பா எடுக்கச் சொல்றாரு.”

அவன் முகத்தில் பல்பு எரிந்தது. அவள் கேட்காமலேயே, கேமராவை வெளியே எடுத்து மெனுவைத் திறந்து அவளுக்குக் காட்டினான்.

“இங்க பாரு, கிராப் ஆஃப். பாத்துக்கோ, ஆஃப்.” புது லென்ஸை மாட்டிவிட்டு மறுபடி பார்த்தான். “ஆஃப்.” அறைக்குள் போனதும் மூன்றாவது தடவையும் பார்த்தான். அந்த ஒரு வரியைத் தவிர அவனுக்கு உலகத்தில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

அவள் அப்பாவின் வாயோரத்தை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தாள்.

“ஐயோ பாப்பா, தொடைக்காதன்னு சொன்னேனே!”

“வெளிச்சத்தப் பாரு. திரை குறுக்க நிக்குது.”

“ஆமாமா. இதக் கொஞ்சம் புடி.”

கேமராவை அவள் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் திரையை ஒதுக்கப் போனான். கம்பியில் திரை சிக்கிக்கொண்டது. அவனுடைய கேமராவும் அவளுடையதும் ஒரே கம்பெனி, ஒரே மெனு. எழுத்து அழிந்த பட்டன்களோடு பதினோரு வருடம் குடித்தனம் நடத்திய விரல் அது. பார்க்காமலே இரண்டு தட்டுத் தட்டி, ரா என்று இருந்ததை எடுத்துவிட்டு, படத்தைச் சுருக்கி எழுதுகிற ஜேபெக்கில் இருப்பதிலேயே மிகச் சின்னதற்கு மாற்றியது. கேமராத் திரையின் மூலையில் ஒரு சின்ன எழுத்து மாறிப்போனது. பார்க்கிறவனுக்குத் தெரியும்.

“குடு குடு.”

கொடுத்தாள். கை பிசுபிசுத்ததைப் போல இருந்ததால் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அண்ணன் கைக்குட்டையைப் பாக்கெட்டில் போட்டான். ஸ்டூலை இழுத்துப்போட்டு நெருங்கி உட்கார்ந்தான். இரண்டு விரலை நீட்டி அப்பாவின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினான். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். “கண்ணத் தொறங்கப்பா, இங்க பாருங்க, என்னைப் பாருங்க” என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். இப்படியே பதினொன்றரை மணி வரைக்கும் போனது.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

“பாப்பா, எல்லாமே ஜேபெக்கா விழுந்திருக்கு. அதுவும் தம்மாத்தூண்டு. என்ன எழவுன்னே தெரியல. இத வெச்சு வீடியோ போட்டா காறித் துப்புவானுங்க. அடுத்த ஞாயிறு வரவா?”

“வா” என்றாள்.

அப்பா கட்டிலிலிருந்து கேட்டார். “என்னவாம்?”

“படம் சரியா விழலியாம். அடுத்த வாரம் திரும்ப எடுக்கணுமாம்.”

அப்பாவின் வாயில் வேலை செய்கிற பாதி மட்டும் மெல்ல மேலே போனது. “பிளேடு... தீந்துபோச்சுன்னியே. வாங்கி வெச்சுடு” என்றார்.

அவள் துணியை எடுத்து அவர் வாயோரத்தைத் துடைத்தாள். தன்னைப் பார்த்தே அவளுக்குக் கேவலமாகத்தான் இருந்தது. துடைத்துக்கொண்டே, அண்ணன் அடுத்த தடவை ராவையும் பார்ப்பான், கிராப்பையும் பார்ப்பான், அப்புறம் அவன் பார்க்காமல் விடுவது என்னவாக இருக்கும் என்று ஒவ்வொரு மெனுவாக யோசிக்க ஆரம்பித்தாள்.